சோலாருக்கு முன்னால் ஒரு ஆர்ச்

எங்கள் ஊரில் யாரும் எதையும் சும்மா கொடுத்துவிட மாட்டார்கள். கோயிலுக்கு ஒரு ஃபேன் வாங்கிக் கொடுத்தால் மூன்று இறக்கையிலும் பெயர் எழுதித்தான் கொடுப்பார்கள். ஃபேன் சுற்றினால் பெயர் தெரியாதே என்று அதை நிறுத்திவைத்துவிட்டு, வியர்க்க விறுவிறுக்கச் சாமி கும்பிட்ட குடும்பத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கல்யாண மண்டபத்துக்குக் கொடுத்த அண்டா, பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்த சுவர்க்கடிகாரம், சுடுகாட்டில் போட்ட சிமெண்டு பெஞ்சு, எல்லாவற்றிலும் உபயம் இன்னார், அவர் அப்பா இன்னார், அவர் மகன் சிங்கப்பூர் இன்னார் என்று இருக்கும். இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தவள்தான் நானும். இப்போது யாராவது உபயம் என்று ஆரம்பித்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கண்டரமாணிக்கம் போகிற ரோட்டில் இருக்கிறது எங்கள் ஊர். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நான் சத்துணவு அமைப்பாளர். பிறந்ததும் இங்கேதான், வாக்கப்பட்டதும் இங்கேதான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். உண்மைதான், இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த விஷயத்தில் என் வாய் ஒரு வருஷமாக எதையும் கிழிக்கவில்லை, அதுதான் இன்னும் ஆறாமல் கிடக்கிறது.

என் மதினியைப் பற்றிச் சொல்ல வேண்டும். செத்துப்போன என் அண்ணனின் பெண்டாட்டி. அண்ணன் போன பிறகு இரண்டு பெண் பிள்ளைகளையும் கரிமூட்ட வேலை பார்த்துத்தான் வளர்த்தாள். எங்கள் பக்கம் விதைக்காமல் போட்ட நிலம் முழுவதும் சீமைக்கருவேலம்தான். அதை வெட்டி, குவியலாக அடுக்கி, வைக்கோலும் ஈரமண்ணும் போட்டு மூடி, உள்ளே தீ வைத்து நாள்கணக்கில் புகையவிட்டால் கரி கிடைக்கும். மூட்டத்தில் எங்கே வெடிப்பு விட்டுப் புகை பீறிக்கொண்டு வருகிறதோ அங்கே ஓடிப்போய் மண்ணை அப்ப வேண்டும். இல்லையென்றால் உள்ளே இருப்பது எல்லாம் சாம்பலாகிவிடும். மதினிக்கு அந்த வேலை. புகை எங்கே வருகிறதோ அங்கே முகத்தைக் கொண்டுபோகிற வேலை.

இருமல் வந்தது. முதலில் ராத்திரியில் மட்டும், பிறகு எந்நேரமும். காரைக்குடியில் டாக்டரிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். படம் எடுத்துப் பார்த்துவிட்டு அவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். இனிமேல் புகைப்பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது, மருந்து சாப்பிட்டாலும் புகையில் நின்றால் நெஞ்சு போய்விடும். பஸ்ஸில் திரும்பி வரும்போது மதினி கேட்டாள்.

"பொகையில நிக்காட்டி என்னத்தத் திங்கிறதாம்? அதையும் அவுககிட்டக் கேட்டிருக்கலாம்ல."

அதற்குப் பதிலாகத்தான் எங்கள் தோட்டம் வந்தது. மகளிர் குழுவில் நாங்கள் பதினோரு பேர். சென்னையில் இருக்கிற ஒரு ஆச்சிக்கு ரோட்டை ஒட்டி நிலம் இருந்தது, பல வருஷமாகக் கருவேலம் மண்டிக் கிடந்தது. போனில் கேட்டோம். சுத்தப்படுத்தி விவசாயம் பண்ணிக்கொள்ளுங்கள், பயிர் வைத்த பிறகு ஒரு வருஷம் பார்ப்போம், மறுபடி காடாகப் போட்டுவிட்டால் வேறு ஆளுக்கு விட்டுவிடுவேன் என்றார். நியாயம்தான். முள்ளை வெட்டி, தூரைத் தோண்டி எடுத்து, இரண்டு கோடை உழைத்தோம். மண்ணுக்கு உரம் சேர ஆட்டுக்கிடை போட்டோம். கீழப்பக்கத்து ஆட்டுக்காரர்கள் தங்கள் மந்தையைக் கொண்டுவந்து ராத்திரியில் எங்கள் நிலத்தில் அடைத்தார்கள். புழுக்கையும் மூத்திரமும் சேர்ந்து, செத்துக் கிடந்த மண் கறுத்து வந்தது. மூட்டை உரம் ஒன்றுகூட வாங்கவில்லை. மதினி குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி மோந்து பார்த்துவிட்டு, "இதுவும் கறுப்புத்தான், ஆனா நெஞ்ச அடைக்கல" என்றாள்.

தண்ணீருக்குத்தான் வழியில்லை. கரண்டு மோட்டாருக்கு எழுதிப்போட்டால் வரிசை எப்போது வரும் என்று தெரியாது. அந்த நேரத்தில் குழுக்களுக்கு மானியத்தில் சோலார் மோட்டார் கொடுக்கிறார்கள் என்று தெரியவந்து, அலையாய் அலைந்து வாங்கினோம். உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்கிறவர், ரோட்டோரம் வாசலை ஒட்டிய இடத்தில்தான் தேங்காய் நிமிர்ந்து நிற்கிறது என்றார். அங்கேயே போர் போட்டோம், நல்ல தண்ணீர். போருக்குப் பக்கத்திலேயே கான்கிரீட் போட்டு, இரும்பு ஸ்டாண்டு நட்டு, சோலார் பலகைகளைத் தெற்கே ரோட்டைப் பார்த்து வரிசையாக மாட்டினார்கள்.

இங்கேதான் தலைவர் வந்து சேர்ந்தார். ஊரில் எல்லோரும் அவரைத் தலைவர் என்றுதான் கூப்பிடுவார்கள். எதற்குத் தலைவர் என்று இதுவரை யாருக்கும் தெரியாது. ரோடு காண்ட்ராக்டு எடுக்கிறவர். ஸ்டாண்டுக்குக் கான்கிரீட் போட இரண்டு டிராக்டர் சல்லிக்கல் அனுப்பினார். அவ்வளவுதான் அவர் கொடுத்தது. வேறொரு ரோட்டு வேலையில் மிச்சமான சல்லி. வேண்டாமென்று சொல்லியிருக்கலாம், ஆனால் வீட்டுக்கு வருகிற சல்லியை யார் வேண்டாமென்பார்கள்? சல்லி வந்த மறுவாரம் தோட்டத்து வாசலில் ஆர்ச் கட்ட ஆட்கள் வந்துவிட்டார்கள்.

சின்ன ஆர்ச் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு பக்கமும் ஆளுயரத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கனமான தூண், நடுவில் ஒரு வீட்டுச் சுவர் அகலத்துக்குச் சிமெண்டுப் பலகை. தூணுக்கு ஆத்தங்குடிக் கல் பதித்தாகிவிட்டது. பலகையில் ஒரு பக்கம் அவர் அப்பாவின் முகத்தைக் கிரானைட்டில் செதுக்கி வைத்திருந்தார். மற்ற இடமெல்லாம் எழுத்து: 'ஏழை எளிய மகளிர் வாழ்வில் ஒளியேற்றிய' என்று ஆரம்பித்து அவர் பெயர், பட்டம், அப்பா பெயர், தாத்தா பெயர். எங்கள் குழுவுக்கு ஒரு பெயர் உண்டு, பதினோரு பேருக்கும் ஆளுக்கொரு பெயர் உண்டு. அந்தப் பலகையில் எங்களுக்கு வைத்த பெயர் ஏழை எளிய மகளிர். எல்லாவற்றுக்கும் மேலே, உச்சியில், தாமரையில் உட்கார்ந்த ஒரு மகாலட்சுமி, இரண்டு பக்கமும் யானை.

ஆனி மாதம் திறப்பு விழா. அதிகாரிகள் வந்தார்கள், பசுமை ஆற்றல், நிலைத்த விவசாயம், கிராமப் பெண்களின் தன்னிறைவு என்றெல்லாம் பேசினார்கள். கூட்டம் முழுவதும் ரோட்டில் ஆர்ச் நிழலில் சொகுசாக நின்று கேட்டது. ஆமாம், அன்றைக்கு நிழல் ரோட்டுப் பக்கம்தான் விழுந்தது. தலைவர் சுவிட்சைப் போட்டார். குழாயில் தண்ணீர் திபுதிபுவென்று கொட்டியது. மதினி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் முகத்தை அதில் கொடுத்தாள். மூக்கு, வாய், தலை எல்லாம் நனைய நின்றுவிட்டு, இருமாமல் சிரித்தாள். அண்ணன் செத்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

மழைக்காலத்தில் மோட்டாருக்கு வேலையில்லை. கார்த்திகையில் கத்திரியும் மிளகாயும் நட்டோம். கத்திரி நன்றாகப் பச்சைபிடித்து வந்தது. மார்கழி பிறந்து மழை நின்றதும் மோட்டாரைப் போட்டோம். தண்ணீர் நூலாக வந்தது. காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம், நல்ல வெயில் அடிக்கிற பகல் முழுவதும் ஒன்றுமில்லை. இதென்ன கூத்து, வெயிலில் ஓடுகிற மோட்டார் உச்சிவெயிலில் படுத்துக்கொள்கிறதே!

ஆளுக்கொன்று சொன்னார்கள். போரில் தண்ணீர் இறங்கிவிட்டது என்றார்கள். திருஷ்டி என்றார்கள். மோட்டாருக்கு முன்னால் பூசணிக்காய் உடைத்தோம். பலகைகளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தோம், அதை அழித்துத் துடைத்தோம். கடைசியில் காரைக்குடியிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார், தொந்தியும் வெற்றிலையுமாக ஐம்பது வயசு மனிதர். பெட்டியைக்கூட இறக்கவில்லை. வாசலில் வண்டியை நிறுத்தினவர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏத்தா, சோலார வச்சுட்டு அதுக்குக் குடையும் பிடிச்சிருக்கீகளே!"

ஆர்ச்சின் நிழல் பலகைகள் மேல் பாய் விரித்தது போலக் கிடந்தது. அன்றாடம் அங்கேயே கிடந்தவர்கள்தான் நாங்கள், யாருக்கும் உறைக்கவில்லை. ஆனியில் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கும், அதனால் நிழல் தெற்கே ரோட்டில் விழுந்தது. மார்கழியில் சூரியன் தெற்கே போய்விட்டான், நிழல் வடக்கே திரும்பிவிட்டது. தை பிறந்தால் சூரியன் வடக்கே திரும்புகிறான் என்று வருஷா வருஷம் பொங்கல் வைக்கிற ஊர் இது. எந்த மாதம் அவன் எங்கே நிற்பான் என்று பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். ஆனால் ஆர்ச்சுக்கு இடம் குறிக்கும்போது ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்து பெயர் தெரியுமா என்று பார்த்தார்களே தவிர, மேலே ஒருத்தரும் பார்க்கவில்லை.

"பாதிப் பலகைக்கு மேல வெயிலு படுதே, அது போதாதா?" என்று கேட்டேன்.

"எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கோத்திருக்குத்தா. தண்ணி போற ஓசுக்குழாய ஒரு எடத்துல மிதிச்சா மொத்தமும் நின்னுபோகும்ல, அப்படித்தான். ஆர்ச்ச எடுங்க. இல்லாட்டி ஸ்டாண்டப் பேத்து அங்குட்டு நகட்டணும், அதுக்கு மோட்டாரு குடுத்த கம்பெனியும் ஆபீசும் ஒத்துக்கிறணும்."

நேராகத் தலைவர் வீட்டுக்குப் போனேன், மதினியும் இன்னும் மூன்று பேரும் கூட வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினேன், சத்தியமாக. மேல் பலகையை மட்டும் எடுத்துவிடலாம், தூண் இருக்கட்டும், பெயரைத் தூணில் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் ஊஞ்சலை நிறுத்தவே இல்லை.

"எங்கப்பா மொகத்த இடிக்கச் சொல்றியா, தங்கச்சி?"

"முகத்த இடிக்கச் சொல்லல தலைவரே. வெயிலு வரணும். பயிரு வாடுது."

"அது மேல யாரு இருக்கா பாத்தியா? மகாலட்சுமி. வெள்ளிக்கெழமையும் அதுவுமா மகாலட்சுமிய இடின்னு வீட்டுக்கு வந்து சொல்ற. பொம்பளைகளுக்கு ஒரு நல்லது செஞ்சா இதுதான். நன்றின்னு ஒண்ணு இருக்கணும்த்தா."

நன்றியாம்! இரண்டு டிராக்டர் மிச்சச் சல்லிக்கு. முள்ளுக் குத்திப் புண்ணாகிப்போன எங்கள் கால்களுக்கு எந்தத் தூணில் பெயர் எழுதியிருக்கிறது? எனக்கு வந்த ஆத்திரத்தில் நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன், மதினி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அவளுக்கு இருமல் வந்துவிட்டது, அதனால்தான் நானும் வந்தேன்.

மானியம் கொடுத்த ஆபீசுக்குப் போனோம். ஒரு அதிகாரி வந்தார், நல்ல மனிதர் போலத்தான் தெரிந்தது. காலையில் வந்தார். அந்நேரத்தில் நூல் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. மோட்டார் இயங்குகிறது என்று எழுதிக்கொண்டார். நிழலைக் காட்டினோம். ஆர்ச் தனியார் கட்டியது, அதில் நாங்கள் தலையிட முடியாது என்றார். அப்படியானால் ஸ்டாண்டை நகர்த்துங்கள் என்றோம். நன்றாக ஓடுகிற மோட்டாரை எதற்கு நகர்த்த வேண்டும் என்றார். போகும்போது வெயில் தாங்காமல் ஆர்ச் நிழலில் நின்றுதான் போட்டோ எடுத்துக்கொண்டார்.

ஊர்க்கூட்டத்தில் வைத்துப் பேசினோம். ஒரு ஆண்பிள்ளை வாயைத் திறக்க வேண்டுமே! நியாயம் எங்கள் பக்கம் இருக்கிறது என்று தனித்தனியாகச் சொன்னவர்கள் எல்லாம் கூட்டத்தில் கீழே குனிந்து புல்லைக் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். சாமி இருக்கிற இடத்தில் கைவைத்து ஊருக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்று ஒருவர் கேட்டார். மதினிக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்று நான் கேட்டேன். கூட்டத்தைக் கலைத்துவிட்டார்கள்.

கண்மாயிலிருந்து குடத்தில் தூக்கி ஊற்றினோம். பதினோரு பேர் தூக்கி எத்தனை பாத்திக்கு ஊற்ற முடியும்? கூலி வேலையையும் விட முடியாது. கத்திரி இலை சுருண்டது, பூ உதிர்ந்தது. இந்தப் பயிர் போனால் ஆச்சி நிலத்தை வேறு ஆளுக்கு விட்டுவிடுவார், மதினி மறுபடி மூட்டத்துக்குத்தான் போக வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும். தலைவருக்கும் தெரியும்.

தைப்பொங்கல் வந்தது. நான்தான் சொன்னேன், குழுப் பொங்கலைத் தோட்டத்தில் வைப்போம், தலைவரையும் ஊரையும் கூப்பிடுவோம் என்று. நல்லநேரம் பத்தரைக்கு மேல் இருந்தது. சோலாருக்கு முன்னால் இருந்த இடைவெளியில் கோலம் போட்டு, அடுப்புக் கூட்டி, பானைகளை வைத்தோம். அடுப்பு, பானை, கரும்பு எல்லாம் கும்மென்ற நிழலில். தலைவர் வேட்டி மொடமொடக்க வந்தார். வந்ததும் முகத்தைச் சுளித்தார்.

"என்னத்தா இது, சூரியனுக்குப் பொங்கல் வைக்கிறீக, நெழல்ல வச்சிருக்கீக? சூரியன் பாக்க வேணாமா?"

"அவரு இங்குட்டு வாரதில்ல தலைவரே. ஒங்க ஆர்ச்சு விடமாட்டேங்குது" என்றேன்.

எல்லோரும் கேட்கத்தான் சொன்னேன். இப்போதாவது உறைக்கும், ஊர் பார்க்க வெட்கப்படுவார் என்று நம்பினேன். அவர் திரும்பி ஆண்களைக் கூப்பிட்டார். "ஏப்பா, பானையெல்லாம் தூக்கி அங்குட்டு வெயில்ல வைங்கப்பா, தெய்வக்குத்தம் ஆயிரும்." கூட்டத்தில் புல்லைக் கிள்ளிக்கொண்டிருந்த அத்தனை பேரும் ஓடிவந்தார்கள். துண்டை வைத்துப் பிடித்து, ஒரு சொட்டு சிந்தாமல், நெருப்போடு அடுப்பைத் தூக்கி, கோலத்தை மறுபடி போடச் சொல்லி, கண் மூடித் திறப்பதற்குள் எல்லாவற்றையும் வெயிலுக்கு நகர்த்திவிட்டார்கள். பானை பொங்கியது. பொங்கலோ பொங்கல் என்று கத்தினார்கள். பின்னால் கத்திரிச்செடிகள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றன. நான் அந்தப் பொங்கலை வாயில் வைக்கவில்லை.

மறுவாரம் மதினி மூட்டத்துக்குப் போய்விட்டாள். என்னிடம் சொல்லாமலே போனாள். பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் பார்த்தேன், ஆர்ச் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம், முந்தானை, கண்ணிமை எல்லாம் கரி. மூச்சு இழுத்து இழுத்து வந்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

"டாக்டரு என்ன சொன்னாக? சாகப் போறீகளா மதினி?"

"சின்னவளுக்குப் பரீச்ச வருதுத்தா." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "இங்கன நெழலு நல்லா இருக்கு. செத்த உக்காந்துட்டு வாரேன், நீ போ."

அந்த இடத்தில் என் கையில் கடப்பாரை இருந்திருந்தால் மகாலட்சுமியாவது யானையாவது.

மாசி கடைசியில் தண்ணீர் தானாக வந்தது. யாரும் எதையும் சரிசெய்யவில்லை, சூரியன் வடக்கே ஏறிவிட்டான், நிழல் பலகையை விட்டு இறங்கிவிட்டது, அவ்வளவுதான். காய்ந்த குச்சியாக நின்ற கத்திரிக்கு நடுவில் திபுதிபுவென்று கொட்டியது. தலைவர் வண்டியில் போகிறபோது நிறுத்திப் பார்த்துவிட்டு, "ஆர்ச்சு அங்கனயேதான இருக்கு? தண்ணி வருதுல்ல? சும்மா ஆர்ச்சு மேல பழியப் போட்டீக" என்று சொல்லிவிட்டுப் போனார். சென்னை ஆச்சியிடம் போனில் மன்றாடி இன்னொரு வருஷம் வாங்கினேன். வெண்டையும் கீரையும் போட்டோம். மதினியை மூட்டத்திலிருந்து நானே போய்க் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தேன். பாத்தி கட்டிக்கொண்டே அவள் விரலை மடக்கி மாதங்களை எண்ணினாள்.

"ஐப்பசியில நெழலு திரும்பிரும். அது வரைக்கும் எனக்கு மூச்சு இருக்கு."

சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு அதற்கப்புறம் தூக்கம் பிடிக்கவில்லை.

வைகாசியில் எங்கள் ஊர் அம்மன் கோயிலில் திருப்பணி ஆரம்பித்தார்கள். வேலை ஆரம்பிக்கும் முன்னால் பாலாலயம் செய்வது வழக்கம். சிலையில் இருக்கிற சாமியை மந்திரம் சொல்லிக் கலசத் தண்ணீரில் இறக்கி, வேறு இடத்தில் வைத்துப் பூசை செய்வார்கள். அதற்குப் பிறகு சிலை இருந்த இடத்தில் கொத்தனார் ஏறலாம், இறங்கலாம், உளி வைக்கலாம், தோஷமில்லை. அந்தக் கலசத்தைத் தலையில் வைத்து மேளத்தோடு சுமந்து வந்தவர் யார் தெரியுமா? நம் தலைவர்தான். திருப்பணிக் கமிட்டிக்கும் அவர்தானே ஆள். வேர்வை வழியப் பக்தியோடு அவர் வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. அடப்பாவி மனுஷா, சாமியை இறக்கத் தெரிந்த நீயா என்னிடம் சாமியைக் காட்டி மிரட்டினாய்?

பூசாரியிடம் போய்க் கேட்டேன். ஆர்ச் மேல் இருக்கிற மகாலட்சுமிக்கு அப்படிச் செய்யலாமா என்றேன். அவர் ரொம்ப நேரம் சிரித்தார்.

"பொம்மைக்கு எதுக்குத்தா பாலாலயம்? ஆனா அதச் சாமிங்கிறாக, சாமின்னே வச்சுக்குவோம். சாமின்னா எறக்கலாம். நான் வாரேன்."

ஆடி முதல் வெள்ளி. ஆடியில் நல்ல காரியம் செய்ய மாட்டார்கள், இடிக்கத் தடையில்லை. பதினோரு பேரும் மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு, குலவை போட்டுக்கொண்டு, தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டே போனோம். மகாலட்சுமிக்குப் பாலாலயம், எல்லோரும் வாருங்கள் என்று. சாமி காரியமென்றதும் ஊரே திரண்டது. ஏணி வைத்து ஏறிப் பூசாரி தர்ப்பையை அந்தச் சிமெண்டு லட்சுமி மேல் வைத்து, மந்திரம் சொல்லி, செம்பில் இறக்கினார். செம்பை மதினி தலையில் வைத்தோம். அவளால் மேளத்துக்கு ஈடாக நடக்க முடியவில்லை, நின்று நின்று நடந்தாள். ஊரும் அவளுக்காக நின்று நின்று நடந்தது.

அம்மன் கோயிலுக்குப் போகிற வழியில் தலைவர் தன் வீட்டு வாசலில் நின்றார். முகம் கறுத்துப்போயிருந்தது. சாமி எதிரே வரும்போது என்ன செய்ய முடியும்? கும்பிட்டார். நான் முன்னால் போனேன்.

"சாமி எறங்கிருச்சு தலைவரே. மேல இப்பச் சிமெண்டுதான் இருக்கு. அப்பா மொகத்த நீங்க பத்திரமா எடுத்துக்கிறீகளா, நாங்க எடுத்தாந்து தரவா?"

அவர் வீட்டுக்குள் போனார். சாயங்காலம் ஆளை அனுப்பி அந்தக் கிரானைட்டை மட்டும் கழற்றிக்கொண்டு போனார். மறுநாள் நாங்கள் பலகையை இடித்தோம். ஒரு ஆண்பிள்ளை தடுக்கவுமில்லை, உதவிக்கு வரவுமில்லை. 'ஏழை எளிய மகளிர்' என்ற துண்டு கீழே விழுந்து முழுசாகக் கிடந்தது. அதை நானே சம்மட்டியால் பொடிப்பொடியாக்கினேன்.

இந்த மார்கழியில் உச்சிவெயிலில் தண்ணீர் வருகிறது. கத்திரி காய்த்துத் தொங்குகிறது, வாரம் தவறாமல் சந்தைக்குப் போகிறது. நியாயமாக நான் இங்கே சந்தோஷமாக முடித்திருக்க வேண்டும். ஆனால் மதினி ஒரு சால் செடியில் காய் பறித்தால் அடுத்த சாலுக்கு முன்னால் உட்கார வேண்டியிருக்கிறது. போன வருஷம் மூட்டத்தில் நின்றது நெஞ்சில் படிந்துவிட்டது, அது இனிப் போகாது, இருக்கிறதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூச்சு வாங்கும்போது சோலார் பலகைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வாள்.

போன வாரம் அப்படி உட்கார்ந்திருந்தாள். தலைவர் வண்டியில் வந்தவர் ரோட்டிலேயே நிறுத்தினார். மொட்டையாக நிற்கும் இரண்டு தூணையும் பார்த்தார், மதினியையும் பார்த்தார்.

"ஆர்ச்ச இடிச்சீகளே. இருந்திருந்தா இப்பக் கம்பிக்குள்ள ஒடுங்கி உக்காராம நல்ல நெழல்ல உக்காந்திருக்கலாம்ல?"

நான் கையிலிருந்த கூடையை எறிந்துவிட்டுப் பாய்ந்தேன். மதினி கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். பேசுவதற்கு அவளுக்கு மூச்சுச் சேர வேண்டியிருந்தது. அவரும் வண்டியை அணைக்காமல் காத்துக்கொண்டிருந்தார்.

"ஒங்க நெழலு போதும் தலைவரே" என்றாள். "வாங்குன வரைக்கும் நெஞ்சுக்குள்ளதான் கெடக்கு. வேணுமின்னா வந்து கேட்டுப் பாருங்க, சத்தம் வெளியிலயே கேக்கும்."

அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். மதினி எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. நான் கூடையை எடுத்துக்கொண்டு அவள் விட்டுவைத்த சாலில் இறங்கினேன்.